இல்லாத ஒரு சொல்: தீர்மானம் 242ஐ வாசித்தல்

ராஜதந்திர மொழி என்றாலே பொய் என்று ஒதுக்கிவிடுவது நம் தோழர்களுக்குப் பழகிப்போயிற்று. 'அவனுங்க பேச்சை விடுங்க' என்பார்கள். நான் விடத் தயாரில்லை. வெறும் பொய்யென்றால் அம்பலப்படுத்தியதும் வேலை முடிந்துவிடும். இது பொய்யல்ல, எல்லோரும் கையுயர்த்திய மௌனம்.

1967 ஜூன் போரில் மேற்குக் கரை, காசா, சினாய், கோலான் குன்றுகளை இஸ்ரேல் கைப்பற்றியது. நவம்பர் 22 அன்று ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சில் 242ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. பிரிட்டிஷ் தூதர் கேரடன் பிரபு முன்வைத்த வரைவு அது. 'அண்மைய மோதலில் ஆக்கிரமிக்கப்பட்ட நிலப்பகுதிகளிலிருந்து' இஸ்ரேலியப் படைகள் விலக வேண்டும் என்கிறது. ஆங்கிலப் பிரதியில் 'நிலப்பகுதிகள்' என்பதற்கு முன் 'தி' என்ற சுட்டு இல்லை. கைதவறி விட்டதல்ல, பேரம் பேசி விட்டது. அப்படியானால் எல்லாவற்றிலிருந்தும் அல்ல என்றது இஸ்ரேல். பிரெஞ்சுப் பிரதியில் அந்தச் சுட்டு இருக்கிறதே என்றார்கள் மறுதரப்பினர். போரால் நிலம் சேர்ப்பது ஏற்கத்தக்கதல்ல என்ற முகப்புரையையும் காட்டினார்கள். தமிழில் அப்படியொரு சுட்டு கிடையாது. மொழிபெயர்த்தால் சண்டையே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

ஒருமனது எப்படி வந்தது? பதினைந்து பேரும் ஒன்றையே ஒப்புக்கொண்டதால் அல்ல. ஒரே பிரதியில் ஆளுக்கொரு தீர்மானத்தை வாசிக்க முடிந்ததால். இதைப் பன்முக வாசிப்பு என்று நாம் கொண்டாடிவிட முடியுமா? இங்கே வாசிப்புகள் சமமானவை அல்ல. பொருள் முடிவாகும்வரை நிலம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. வைத்திருப்பவனுக்குத் தெளிவு அவசரமில்லை. மேற்குக் கரையில் சொல்லுக்குப் பொருள் தேடிய ஆண்டுகளில் குடியேற்றங்கள் எழும்பின. பாலஸ்தீனர் என்ற பெயரோ அந்தப் பிரதியிலேயே இல்லை; 'அகதிகள் பிரச்சினை' மட்டும் இருக்கிறது.

2024 மார்ச் 25இல் காசா போர்நிறுத்தம் கோரிய 2728ஆம் தீர்மானத்திலும் இதே கதை. வரைவிலிருந்த 'நிரந்தர' என்பது 'நீடித்த' ஆயிற்று. அதைத் திரும்பச் சேர்க்க ரஷ்யா கொண்டுவந்த திருத்தம் தோற்றது. அமெரிக்கா வாக்களிக்காமல் ஒதுங்கியது. பிறகு, தீர்மானம் கட்டுப்படுத்தாது என்றது.

அதே ஆண்டு ஜூலை 19இல் சர்வதேச நீதிமன்றம் தன் ஆலோசனைக் கருத்தில், ஆக்கிரமிக்கப்பட்ட பாலஸ்தீனப் பகுதியில் இஸ்ரேல் தொடர்ந்து இருப்பது சட்டவிரோதம், கூடிய விரைவில் முடிவுக்கு வர வேண்டும் என்றது. இவ்வளவைச் சொல்ல 57 வருஷம். ஆகவே தோழர்களே, அடுத்த தீர்மானம் வரும்போது அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்தச் சொல்லை எடுத்தார்கள், எடுத்தபோது யார் அந்த அறைக்கு வெளியே நின்றார்கள் என்றும் கேளுங்கள்.