ஹொரேஸ் பிப்பின் ஓவியங்களில் குறிப்புப்பொருள்

முறையாகப் பயிலாத ஓவியரை 'வெள்ளையுள்ளக் கலைஞர்' என்ற கருத்துப்படச் சுட்டுதல் மேலைத் திறனாய்வாளரிடை வழக்காய் இருந்தது. கறுப்பின அமெரிக்கராகிய ஹொரேஸ் பிப்பினையும் அவ்வகையுள் அடக்கினர். அப்பெயர் அவர்க்குப் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

பிப்பின் 1888-இல் பென்சில்வேனியா மாநிலத்து வெஸ்ட் செஸ்டரிற் பிறந்தவர். முதல் உலகப் பெரும்போரில், கறுப்பின வீரர்களைக் கொண்ட 369-ஆம் காலாட்படையில் சேர்ந்து பிரான்சில் போரிட்டார். 1918-இல் குண்டு பாய்ந்து அவர்தம் வலத்தோள் சிதைந்தது. ஊர் மீண்டபின், காய்ச்சிய இரும்புக்கோலால் மரப்பலகையில் உருவங்களைச் சுட்டு வரைந்து பழகினார்; பின்னர், வலக்கை மணிக்கட்டை இடக்கையால் தாங்கிக்கொண்டு வண்ணம் தீட்டினார்.

அவர்தம் முதல் எண்ணெய்வண்ண ஓவியம் 'போரின் முடிவு: வீடு நோக்கிப் புறப்பாடு' என்பது. அதனை முடிக்க ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆயின. தலைப்பு வீட்டைச் சொல்கிறது. ஓவியத்திலோ வீடும் இல்லை, வழியும் இல்லை. கைதூக்கிச் சரணடையும் செருமானிய வீரரும், முட்கம்பி வேலியும், எரிந்து வீழும் வானூர்தியுமே உள. சட்டத்திலும் துப்பாக்கி, கையெறிகுண்டு முதலியவற்றைச் செதுக்கிப் பதித்துள்ளார். போர்க்கருவிகளே எல்லையாகச் சூழ்ந்த இக்காட்சியினின்று வீரன் எங்ஙனம் வீடு செல்வான்? தலைப்பும் காட்சியும் முரணுமிடத்தே குறிப்புப்பொருள் தோன்றுகிறது.

அடிமைமுறையை எதிர்த்துப் படைக்கலம் ஏந்திய ஜான் பிரவுன் 1859-இல் தூக்கிலிடப்பெற்றார். அவர் கொலைக்களம் செல்லும் காட்சியைப் பிப்பின் 1942-இல் வரைந்தார். கட்டுண்ட பிரவுன் வண்டியில் அமர்ந்திருக்க, மக்கள் திரண்டு நிற்கின்றனர். வலப்புற ஓரத்தில் கறுப்பினப் பெண்ணொருத்தி மட்டும் அக்காட்சிக்குப் புறங்காட்டி நம்மை நோக்குகின்றாள். தம் பாட்டியார் அந்நிகழ்ச்சியை நேரிற் கண்டவர் எனப் பிப்பின் கூறியதுண்டு. ஆதலின் அப்பெண் காட்சியின் ஓர் உறுப்பு மட்டுமல்லள். சான்று கூறுபவளும் ஆவாள். அவள் பார்வையால் நாமும் அக்கொலைக்கு விடை கூறவேண்டியவர் ஆகிறோம்.

உடலளவும் தொலைவு காட்டும் முறையும் இவர் ஓவியங்களிற் பிழைபட்டுள்ளன என்பாருளர். கலைக்கழக இலக்கணப்படி அது உண்மையே. ஆயினும், கைப்பழக்கத்தின் குறை வேறு. கருத்தின் குறை வேறு. 'புனித மலை' வரிசையின் மூன்றாம் ஓவியத்தில் கொடுவிலங்கும் ஆட்டுக்குட்டியும் அமைதியாய் உடனுறைகின்றன. பின்னுள்ள காட்டின் இருளிலோ படைவீரரும் கல்லறைகளும் மங்கலாய்த் தெரிகின்றன. அதன்மேல் அவர் பொறித்த நாள் 1945 ஆகஸ்ட் 9; நாகசாகியில் அணுகுண்டு வீழ்ந்த நாள். அமைதியின் காட்சிக்கு அழிவின் நாளைப் பொறித்தவரை உலகறியாதவர் எனல் யாங்ஙனம்?

நியூயார்க்கின் தற்காலக் கலைக் காட்சியகம் 1938-இல் இவர் ஓவியங்கள் நான்கினைப் பொதுமக்கள் ஓவியக் கண்காட்சியில் இடம்பெறச் செய்தது. அவ்வரிசை இவர்க்குப் புகழ் தந்தது. ஆயின் பயிலாமையையே பெருமையாக்கிச் சிந்தனையை மறைக்கவும் இடந்தந்தது. 1946-இல் பிப்பின் மறைந்தார். 'தாமே கற்றவர்' என்பது அவர் வாழ்க்கைச் செய்தி; அதனைத் திறனாய்வின் முடிபாகக் கொள்ளுதல் தவறு என்பதே எம் துணிபு.