கடினமானதெல்லாம் மெய்யாகிவிடுமா?

பேருந்தில் செல்லும்போது ஒரு முறை கண்களை மூடிக்கொண்டு பாருங்கள். வண்டி இடப்பக்கம் வளைந்தால் உங்கள் உடல் வலப்பக்கம் சாய்கிறது. ஓட்டுநர் பிரேக்கை அழுத்தினால் முன்னால் தள்ளப்படுகிறீர்கள். சாலை கரடுமுரடாக இருந்தால் இருக்கையே அதைச் சொல்லிவிடுகிறது. கண்ணால் ஒன்றையும் காணாமலேயே வண்டியின் போக்கைப் பற்றி இத்தனை செய்திகள் கிடைத்துவிடுகின்றன. உட்செவியிலுள்ள சமநிலை உறுப்பும், தசைகளும், தோலும் இவற்றை இடைவிடாது மூளைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கின்றன.

இதற்கு நேர்மாறான நிலை ஒன்றை இப்போது எண்ணிப் பாருங்கள். அசையாத நாற்காலி, எதிரே ஒரு திரை, கையில் ஸ்டியரிங், காலடியில் பெடல்கள். திரையில் கார் மணிக்கு 250 கி.மீ. வேகத்தில் ஒரு வளைவை நோக்கிப் பாய்கிறது. கண் "ஓடுகிறோம்" என்கிறது. உடலோ "உட்கார்ந்திருக்கிறோம்" என்கிறது. இப்படி வீட்டில் அமர்ந்து, கணிப்பொறி இணைப்பின் வழியாக ஒருவரோடொருவர் கார்ப் பந்தயம் ஓட்டுவோர் இன்று உலகெங்கும் இருக்கின்றனர். அவர்களிடையே ஓயாத வழக்கு ஒன்று உண்டு. எந்தப் பாவனைப் பொறி மெய்யான காருக்கு மிக அருகில் இருக்கிறது என்பதே அது. இந்த வழக்கில் இரு தரப்பினரும் பெரும்பாலும் தவறான சான்றுகளையே காட்டுகின்றனர் என்பது எமது கருத்து. ஏன் என்பதைக் காண்போம்.

ஒரு பழைய உரைகல்

பாவனைப் பொறி புதியதன்று. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர் 1929-ஆம் ஆண்டில் விமானப் பயிற்சிப் பொறி ஒன்றை அமைத்தார். இசைக்கருவி செய்யும் குடும்பத் தொழிற்சாலையில் அவர் பழகிய காற்றுத் துருத்திகளே அதனை ஆட்டின, அசைத்தன. 1934-இல் அஞ்சல் விமானங்கள் பல விபத்துக்குள்ளான பின்னர் அமெரிக்க இராணுவம் அப்பொறிகளை வாங்கியது. அது அசல் விமானத்தைப் போலத் தோன்றவே இல்லை; குழந்தைகளின் பொம்மை விமானம் போன்றே இருந்தது. ஆயினும் மேகத்திற்குள் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் திறமையை அது கற்றுக்கொடுத்தது. பொறியில் கற்றது வானத்தில் பயன்பட்டதா என்பதே அங்கு உரைகல்லாக இருந்தது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கே திரும்பி வருவோம்.

1967-ஆம் ஆண்டுக் கார்கள்

கார்ப் பந்தயப் பாவனையில் ஒரு மைல்கல் 1998-இல் வெளிவந்த ‘கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸ்’. டேவிட் கெமரும் அவரது பாப்பிரஸ் குழுவினரும் அமைத்த அது, 1967-ஆம் ஆண்டின் பந்தயக் கார்களையும் களங்களையும் கணிப்பொறியில் எழுப்பியது. காரைத் தரையோடு அழுத்தும் இறக்கைகள் பார்முலா ஒன் கார்களுக்கு 1968-இல்தான் வந்தன. எனவே 1967-ஆம் ஆண்டுக் கார்களில் ஆற்றல் மிகுதி, பிடிப்போ குறைவு. புதிதாக ஓட்டியவர்கள் முதல் வளைவிலேயே சுழன்று போயினர். 22.8 கி.மீ. நீளமுள்ள பழைய நூர்பர்க்ரிங் களத்தை விபத்தின்றி ஒரு சுற்று முடிப்பதே பெருஞ்சாதனையாயிற்று. ஆர்வலர்கள் அதனை விட்டுவிடவில்லை; 1965, 1969-ஆம் ஆண்டுக் கார்களையும் தாமே அமைத்துப் பின்னர் சேர்த்தனர்.

அதன் பெருமையை நாம் குறைக்கவில்லை. ஆனால் அதிலிருந்து ஒரு மூடநம்பிக்கையும் பிறந்தது. "ஓட்டக் கடினமாக இருக்கிறது, ஆகவே இது மெய்யானது" என்பதே அந்த நம்பிக்கை. இது தருக்கப் பிழை. உப்பு மிகுந்த குழம்பு கடலுக்கு அருகில் சமைத்ததாகிவிடாது!

டயரில் மறைந்திருக்கும் புதிர்

காரின் மெய்ம்மை முழுவதும் உள்ளங்கை அளவுள்ள நான்கு இடங்களில் அடங்கியிருக்கிறது. டயர்கள் தரையைத் தொடும் இடங்களே அவை. வளைவில் செல்லும்போது சக்கரம் நோக்கும் திசையும் அது உண்மையில் நகரும் திசையும் ஒன்றாக இருப்பதில்லை. ரப்பர் சற்றே முறுக்கிக்கொள்கிறது. இவ்விரு திசைகளுக்கும் இடையேயுள்ள கோணத்தை நழுவு கோணம் என்போம். கோணம் கூடக்கூடப் பக்கவாட்டுப் பிடிப்பும் கூடுகிறது. சில பாகைகளில் அது உச்சத்தை அடைந்து, பின்னர் குறையத் தொடங்குகிறது. திறமையான ஓட்டுநர் அந்த உச்சத்தின் விளிம்பிலேயே நடமாடுகிறார்.

இந்த ஏற்ற இறக்கத்தை ஒரே சமன்பாட்டில் அடக்கும் முறையை 1987-ஆம் ஆண்டில் பேக்கர், நைபோர்க், ஹான்ஸ் பசேகா ஆகியோர் வெளியிட்டனர். ‘மாய வாய்பாடு’ என்றே அதற்குப் பெயர். பெயர் பொருத்தமானதே. ஏனெனில் அது ரப்பரின் இயல்பிலிருந்து பிறந்ததன்று. சோதனைச்சாலையில் அளந்த புள்ளிகளின்மேல் அழகாகப் பொருந்தும் ஒரு வளைகோடு, அவ்வளவே. அளந்த எல்லைக்குள் அது நம்பகமானது. டயர் அளவுமீறிச் சூடேறும்போதும், கார் முற்றிலும் பக்கவாட்டில் சறுக்கும்போதும், கார் நிற்கப்போகும் மிகக் குறைந்த வேகத்திலும் அதற்குத் துணைக் கணக்குகள் தேவைப்படுகின்றன. டயர் நிறுவனங்களோ தம் அளவைகளை எளிதில் வெளியிடுவதில்லை.

கெமரும் ஜான் ஹென்றியும் 2004-இல் நிறுவி, 2008-இல் பொதுமக்களுக்குத் திறந்த ‘ஐரேசிங்’ வேறு வழியில் சென்றது. வளைகோட்டைப் பொருத்தாமல், ரப்பரும் டயரின் உடலும் நடந்துகொள்ளும் முறையையே கணக்கிட அது முயன்றது. பந்தயக் களங்களை லேசர் கதிரால் அளந்து, சாலையின் சிறு மேடுபள்ளங்களையும் பதிவு செய்தது. இவை பாராட்டத்தக்க முயற்சிகளே. ஆனால் இங்கே வாசகர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாலையை எவ்வளவு நுட்பமாக அளந்தாலும், அதன்மேல் உருளும் டயரைப் பற்றிய அறிவு அதே நுட்பத்தை அடைந்துவிடாது. ஓர் அளவையின் துல்லியம் மற்றோர் அளவைக்குச் சான்றாகாது. கணக்கிடும் வேகமும் அப்படியே. இத்தாலியில் உருவான ‘அசெட்டோ கோர்சா’ வினாடிக்கு 333 முறை காரின் நிலையைக் கணக்கிடுகிறது. மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் செல்லும் காரை ஏறக்குறைய 25 செ.மீ.க்கு ஒரு முறை அது பார்க்கிறது என்று பொருள். அடிக்கடி பார்ப்பது நல்லதே. பார்ப்பது சரியா என்பது வேறு கேள்வி.

உடல் இழந்ததும் கை பெறுவதும்

டயர்க் கணக்கு முற்றிலும் சரியாக அமைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஓட்டுபவர் அசையாத நாற்காலியில்தானே இருக்கிறார்? பின்சக்கரம் நழுவத் தொடங்குவதை மெய்யான ஓட்டுநர் இடுப்பால் உணர்கிறார். வீட்டில் இருப்பவர் திரையில் கண்ட பிறகே அறிகிறார். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. ஆகவே முற்றிலும் சரியான பாவனை, மெய்யான காரைவிட ஓட்டக் கடினமாகவே இருக்கும்! அதனை எளிதாக்க வேண்டுமானால் ஏதேனும் ஒரு பொய்யைச் சேர்க்க வேண்டும்.

அந்தப் பொய் பெரும்பாலும் ஸ்டியரிங் வழியாக வருகிறது. மெய்யான காரில் டயர் தன்னைத் தானே நேராக்கிக்கொள்ள முயலும் விசை கையில் பாரமாகத் தெரியும். பிடிப்பு உச்சத்தை அடைவதற்குச் சற்று முன்பே இந்தப் பாரம் குறைந்துவிடும். ‘எல்லை வந்துவிட்டது’ என்று கார் கூறும் எச்சரிக்கை அது. நல்ல பாவனைப் பொறி இந்த விசையை மின்மோட்டார் மூலம் கைக்குத் தருகிறது. சில பொறிகள் இதற்கு மேலும் சென்று, இடுப்பு உணரவேண்டிய சறுக்கலையும் கைக்கே அனுப்புகின்றன. தூய்மை விரும்பும் ஆர்வலர்கள் இதனை மோசடி என்கின்றனர். நாம் அப்படிக் கருதவில்லை. இழந்த புலனுக்கு ஈடாக மற்றொரு புலனைப் பயன்படுத்துவது மோசடியன்று. அதனைச் செய்துவிட்டு, ‘மெய்யான ஸ்டியரிங் இப்படியே இருக்கும்’ என்று விளம்பரம் செய்வதே மோசடி.

நாற்காலியையே ஆட்டும் ஆறுகால் மேடைகளும் உள்ளன. 1950-களில் டன்லப் நிறுவனத்தின் எரிக் காஃப் டயர்களைச் சோதிக்க அமைத்த பொறியின் வழிவந்தவை இவை. ஆனால் பிரேக்கின் அழுத்தத்தைக் காட்ட இருக்கையை 20 பாகை முன்னால் சாய்த்தாலும், புவியீர்ப்பில் சுமார் மூன்றில் ஒரு பங்கே கிடைக்கும். பார்முலா ஒன் கார் பிரேக் போடும்போது அது நான்கைந்து மடங்காக இருக்கிறது.

செலவில்லாமல் திருத்தக்கூடிய பிழை ஒன்று கண்ணில் இருக்கிறது. 60 செ.மீ. அகலமுள்ள திரையை 70 செ.மீ. தொலைவிலிருந்து பார்த்தால், அது உங்கள் கண்ணில் அடைக்கும் கோணம் சுமார் 46 பாகை. அதே திரையில் 90 பாகைக் காட்சியை அடைத்தால் எல்லாம் சிறுத்து, தொலைவில் இருப்பது போலாகிவிடும். வேகமோ கூடியது போல் மயக்கும். விலையுயர்ந்த ஸ்டியரிங்கை வாங்கிவிட்டு இந்தக் கோணத்தைத் திருத்தாமல் ‘மெய்ம்மை’ பேசுவோர் பலர்.

அச்சமில்லாத களம்

மெய்யான களத்தில் மோதினால் உடல் முறியும், பணமும் போகும். அந்த அச்சமே ஓட்டுநரை அடக்கி வைக்கிறது. வீட்டில் அந்த அச்சம் இல்லை. ஐரேசிங் இதற்கு ஒரு மாற்றுக் கண்டது: ஓட்டுபவர் சொந்தப் பெயரிலேயே கலந்துகொள்ள வேண்டும், ஒவ்வொரு மோதலுக்கும் குற்றப் புள்ளி சேரும். தவறு யாருடையது என்று அது பார்ப்பதில்லை. மோதிய இருவருக்குமே புள்ளி. நீதி குறைவுதான். ஆனால் ஒதுங்கிச் செல்லும் பழக்கத்தை அது வளர்க்கிறது.

தொலைத்தொடர்பின் தாமதமும் உண்டு. மணிக்கு 250 கி.மீ. வேகத்தில் ஒரு வினாடியின் பத்தில் ஒரு பங்குக்குள் கார் 7 மீட்டர் நகர்ந்துவிடும். ஒரு காரின் நீளத்தைவிட அது அதிகம். ஆகவே எதிராளியின் காரைத் திரை ‘ஊகித்தே’ காட்டுகிறது. தொடாத கார்கள் மோதிக்கொள்வதாகத் தோன்றும் விந்தை இதனால் விளைவதே.

கதவு திறக்கிறதா?

பழைய உரைகல்லுக்குத் திரும்புவோம். பொறியில் கற்றது களத்தில் பயன்படுகிறதா? ‘கிரான் டூரிஸ்மோ’ விளையாட்டைத் தூய்மைவாதிகள் ஏளனம் செய்தனர். ஆனால் அதன் வழியாக நடந்த போட்டியில் 2008-இல் வென்ற ஸ்பெயின் நாட்டு லூக்காஸ் ஓர்டோனெஸ், 2011-ஆம் ஆண்டு லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தம் வகுப்பில் இரண்டாம் இடம் பெற்ற அணியில் ஓட்டினார். 2019-இல் மெக்சிகோ நகரில் நடந்த ‘ரேஸ் ஆஃப் சாம்பியன்ஸ்’ போட்டியில், கணிப்பொறிப் பந்தயத்தில் பெயர்பெற்ற என்ஸோ போனிட்டோ, லூக்காஸ் டி கிராஸியை மெய்யான காரில் வென்றார்.

இவை மறுக்க முடியாத சான்றுகள். ஆனால் எதற்குச் சான்று? பெருந்திரளான மக்களிலிருந்து சிலர் பொறுக்கி எடுக்கப்பட்டனர். ஓர்டோனெஸ் போன்றோருக்கு அதன் பின் மெய்யான கார்களில் கடும் பயிற்சியும் தரப்பட்டது. பொறி திறமையை உண்டாக்கியதா, இருந்த திறமையைக் கண்டுபிடித்ததா என்று இதிலிருந்து பிரித்துச் சொல்ல இயலாது. இருப்பினும் பணம் படைத்தோர்க்கே உரியதாக இருந்த ஒரு விளையாட்டில், பணமில்லாத திறமைசாலியைக் கண்டெடுக்கும் சல்லடையாக அது பயன்பட்டதே, அது சிறிய பயனா? அந்தச் சல்லடை நம்பகமானதாக இருக்க வேண்டும் என்பதால்தான் ‘மெய்ம்மை’ என்ற சொல்லை நாம் இவ்வளவு கண்டிப்பாகப் பார்க்கிறோம்.

நீங்களே சோதிக்கலாம்

சுற்று நேரம் ஒத்துப்போவதைச் சான்றாகக் கொள்ளாதீர்கள். பிடிப்பைக் கூட்டி ஆற்றலைக் குறைத்தாலும் நேரம் ஒத்துவரும். இரு பிழைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும். அதற்குப் பதிலாக எளிய சோதனைகளைச் செய்யுங்கள். சாதாரணச் சாலைக் காரை மணிக்கு 100 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்துங்கள். டயரின் பிடிப்பு காரின் எடைக்குச் சமமானால் ஏறக்குறைய 39 மீட்டர் தேவை. 25 மீட்டரில் நின்றால் அந்த டயர் எடையைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் பிடிக்கிறது என்று பொருள், ஐயப்படுங்கள். அடுத்து, 50 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். அதே பிடிப்பில் மணிக்கு 80 கி.மீ. அளவில் கார் வட்டத்தை விட்டு விலக வேண்டும்.

எமது தீர்ப்பு இதுவே. இன்றைய பாவனைப் பொறிகள் இயற்பியலின் சிறந்த ஆசான்கள். களத்தின் கோட்டையும், பிரேக்கின் இடத்தையும், பொறுமையையும் அவை நன்கு கற்றுத்தருகின்றன. உடலின் உணர்வையும் அச்சத்தையும் அவை கற்றுத்தரவில்லை. இனி ஒருவர் "இதுவே மெய்யானது" என்று உங்களிடம் கூறினால், கோபித்துக்கொள்ளாமல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எதை அளந்து சொல்கிறீர்கள்?" அந்தக் கேள்விக்கு விடை தேடுபவர் வெறும் விளையாட்டு வீரர் அல்லர், அவர் ஓர் ஆய்வாளர்.