பள்ளியும் குப்பமும் ஒரே களரியில்: பங்கேற்பு அரங்கை மதிப்பிடும் அளவுகோல் – பழவேற்காட்டு மீனவ ஊர்களை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

பள்ளி மாணவரும் ஊர்மக்களும் இணைந்து நிகழ்த்தும் கலைத்திட்டங்கள் பெரும்பாலும் மேடையேறிய நிகழ்வைக் கொண்டே மதிப்பிடப்படுகின்றன. மேடைக்கு முன் எடுக்கப்படும் முடிவுகளில் யாருக்கு எத்தகைய உரிமை இருந்தது என்பதே முதன்மை அளவுகோலாக அமைய வேண்டும் என இக்கட்டுரை வாதிடுகிறது. சீலாமுனைக் கூத்து மீளுருவாக்கம், புஞ்சரசந்தாங்கல் கட்டைக்கூத்துக் குருகுலம், ஊரூர் ஆல்காட் குப்பம் விழா ஆகிய மூன்றும் இந்நோக்கில் ஒப்பிடப்படுகின்றன. அவற்றின் படிப்பினைகள் பழவேற்காட்டு மீனவ ஊர்களின் சமூக அமைப்போடு பொருத்திப் பார்க்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பங்கேற்பு அரங்கு, கூத்து, மீளுருவாக்கம், பாடு முறை, பழவேற்காடு, பள்ளி அரங்கு.

முன்னுரை

பள்ளி ஆண்டுவிழாவில் ஊர்மக்கள் பார்வையாளர். ஊர்த் திருவிழாவில் ஆசிரியர் விருந்தினர். இந்நிலையை மாற்றி இரு தரப்பினரையும் ஒரே களரிக்குக் கொண்டுவரும் முயற்சிகள் தமிழ்ச் சூழலில் பல வடிவங்களில் நிகழ்ந்துள்ளன. அவை பற்றிய எழுத்துகளில் பங்கேற்ற மாணவர் தொகையும் திரண்ட கூட்டமும் பதிவாகின்றன. எக்கதையை ஆடுவது, எம்மாதத்தில் ஆடுவது, யார் எவ்வேடம் ஏற்பது என்பவற்றை யார் முடிவு செய்தனர் என்பது அரிதாகவே பதிவாகிறது.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022–23 கல்வியாண்டு முதல் நடைபெற்றுவரும் கலைத் திருவிழா இவ்விடைவெளியை விளக்க உதவும். நாட்டார் கலைகளுக்குப் பள்ளி வளாகத்தில் அது ஏற்பு அளித்துள்ளது. ஆயினும் அதன் அடிப்படை போட்டி. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் எனப் படிப்படியாக மேலேறும் மாணவர், அக்கலைக்குரிய ஊரைவிட்டு விலகிச் செல்கின்றனர். கலை பள்ளிக்குள் வருவதும் ஊர் பள்ளிக்குள் வருவதும் ஒன்றல்ல.

மேடையேற்றமும் மீளுருவாக்கமும்

ஈழத்துக் கூத்து வரலாறு இவ்வேறுபாட்டைத் தெளிவாக எடுத்துக்காட்டுகிறது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ‘கர்ணன் போர்’ (1962) முதலிய கூத்துகளை மேடையேற்றினார். விடிய விடிய வட்டக்களரியில் ஆடப்பட்டது, சட்டகமிட்ட மேடைக்கேற்பச் சுருங்கியது. படித்தோர் இழிவாகக் கருதிய ஒரு கலையைத் தமிழரின் நாடக மரபாக நிலைநிறுத்தியது இம்முயற்சியின் பெரும் பயன். அதே வேளை, ஊரார் சூழ்ந்து நின்று பார்த்த களரி ஒருபக்கப் பார்வைக்குரியதாயிற்று; அண்ணாவியாரின் இடத்தை நெறியாளர் பகிர்ந்துகொண்டார்.

இதன் மீதான விமரிசனமாகவே சி. ஜெயசங்கர் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கச் செயற்பாடு, மட்டக்களப்பின் சீலாமுனைக் கிராமத்தில் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் உருப்பெற்றது. கூத்தை ஊரிலிருந்து வெளியே எடுக்காமல், ஊருக்குள்ளேயே வைத்து அதன் உள்ளடக்கத்தை ஊராரோடு உரையாடி மாற்றுவது அதன் நெறி. கூத்துப் பழகுதல், சதங்கை அணிதல், அரங்கேற்றம் என மாதக்கணக்கில் நீளும் மரபுப் படிநிலைகள் குறுக்கப்படாமல் உரையாடலுக்கான காலமாகவே பயன்படுத்தப்பட்டன. கூத்துப் பனுவல்களில் சாதியும் பெண்ணும் சித்திரிக்கப்படும் முறை அவ்வுரையாடல்களில் கேள்விக்குள்ளானது. சிறுவர் கூத்தும் இச்செயற்பாட்டின் ஒரு கிளையாக வளர்ந்தது.

இம்முறைக்கும் வரம்பு உண்டு. உரையாடலைத் தொடங்கிவைப்பவர் பல்கலைக்கழகம் சார்ந்தவராக இருக்கையில், ஊராரின் இசைவு எவ்வளவு தூரம் தன்னிச்சையானது என்னும் ஐயம் எழவே செய்யும். ஆயினும் மறுப்பதற்கும் திருத்துவதற்கும் வேண்டிய காலத்தை அது ஊருக்கு வழங்கியது. இரண்டு வாரப் பயிற்சிப் பட்டறையில் அத்தகைய காலம் கிடைப்பதில்லை.

கென்யாவின் கமிரீத்து ஊர் அரங்கும் இவ்வகையில் ஒப்புநோக்கத்தக்கது. 1977இல் கூகி வா தியாங்கோவும் கூகி வா மிரியியும் எழுதிய நாடகத்தின் ஒத்திகைகள் திறந்தவெளியில் நடைபெற்றன. உழவரும் தொழிலாளரும் பனுவலின் மொழியைத் திருத்தினர். அரங்கையும் அவர்களே கட்டினர். சில வாரங்களிலேயே அரசு அந்நாடகத்தைத் தடைசெய்தது. 1982இல் அரங்கும் இடித்துத் தள்ளப்பட்டது. ஊரார் உண்மையிலேயே முடிவெடுக்கும் அரங்கு அதிகாரத்தோடு மோத நேரும் என்பது இதன் படிப்பினை.

குருகுலமும் விழாவும்

காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் கூத்துக் கலைஞர் இராஜகோபாலும் ஆய்வாளர் ஹன்னே டி புருயினும் 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்துக் குருகுலம் வேறொரு சிக்கலுக்கு விடை தேடியது. இரவு முழுதும் ஆடும் சிறார் பகலில் பள்ளிக்குச் செல்ல இயலாது படிப்பைக் கைவிடுவது கூத்துக் குடும்பங்களின் பட்டறிவு. பள்ளிக் கல்வியையும் கூத்துப் பயிற்சியையும் ஒரே உறைவிட வளாகத்தில் குருகுலம் இணைத்தது. ஆண்களே ஆடிவந்த கூத்தில் சிறுமியரும் பயிற்சி பெற்றனர். ஊர் தானாக எடுத்திராத முடிவு இது. பள்ளி என்னும் அமைப்பே இதற்கு வழிவகுத்தது. மறுபுறம், ஊரின் இடத்தை வளாகம் ஏற்றுக்கொண்டது. நிறுவனத்தின் ஆயுளே திட்டத்தின் ஆயுளாகியது. 2020இல் குருகுலம் மூடப்பட்டது.

சென்னை பெசன்ட் நகரை ஒட்டிய மீனவக் குப்பத்தில் 2015இல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழா, கர்நாடக இசையையும் பரதத்தையும் நாட்டார் கலைகளோடு ஒரே மேடையில் நிறுத்தியது. டி.எம். கிருஷ்ணா, நித்யானந்த் ஜெயராமன் முதலியோர் முன்னின்ற இவ்விழாவின் இலக்கு, சபாக்களின் சாதி, வர்க்க எல்லைகளைக் கேள்விக்குட்படுத்துவது. அவ்வகையில் அது முதன்மையாக நகரத்தை நோக்கிய விமரிசனம். சபா ரசிகர் குப்பத்துக்கு வர நேர்ந்தது சிறிய மாற்றமன்று. எனினும் விவாதம் எழுந்தபோதெல்லாம் கர்நாடக இசை என்ன ஆகும் என்பதே மையமாயிற்று. குப்பத்தின் கலைவாழ்வு என்ன ஆகும் என்பது ஓரத்திலேயே நின்றது. பிற இடங்களுக்கும் விரிந்தபோது விழாவின் பெயர் ‘சென்னைக் கலைத் தெரு விழா’ என மாறியது. பரவலுக்கு அது தேவையாக இருந்திருக்கலாம். ஆயினும் குப்பத்தின் பெயர் தலைப்பிலிருந்து நீங்கியதைத் திறனாய்வு கவனிக்காமல் கடக்க இயலாது.

பழவேற்காடு: எந்த ஊர், எந்தக் கலை?

இவ்வனுபவங்களைப் பழவேற்காட்டுக்குப் பொருத்தும்போது முதலில் எதிர்ப்படுவது ‘ஊர்’ என்னும் சொல்லே. சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான இதன் தென்கரையில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவ மீனவர் பாடு முறையைப் பின்பற்றி வந்துள்ளனர். ஏரியின் மீன்பிடி இடங்களைச் சீட்டுக் குலுக்கிப் பகிர்ந்து, முறைவைத்துச் சுழற்றும் ஏற்பாடு இது. வளமான இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாமல் காப்பதால், கூட்டு முடிவெடுப்பின் சிறந்த எடுத்துக்காட்டாக இது அடிக்கடி சுட்டப்படுகிறது.

ஆனால் அம்முறைக்குள் இடம்பெறும் உரிமை தலைக்கட்டு என்னும் ஆண் உறுப்பினருக்கே உரியது. மீன் விற்கும் பெண்களுக்கு அதில் குரல் இல்லை. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளரும், பிற சாதி மீன்பிடிப்போரும் அதற்கு வெளியே நிற்கின்றனர். ஆகவே ஊராரே முடிவு செய்யட்டும் எனக் கூறும் கலைத்திட்டம் இங்கு அவ்வளவில் நின்றுவிட்டால், ஏரியின் மீதான விலக்கல்களைக் களரியிலும் மறுபடி நிகழ்த்தும்.

கலைவடிவத் தேர்விலும் இதே சிக்கல் உண்டு. வடதமிழகத்தின் கூத்து பங்குனி முதல் ஆடி வரையிலான திரௌபதி அம்மன் விழாக்களோடு பிணைந்தது. அதையே ‘மண்ணின் கலை’ எனப் பழவேற்காட்டுப் பள்ளிக்குள் கொண்டுவருவது எளிது. ஆனால் மகிமை மாதா திருத்தலத்தை வழிபாட்டு மையமாகக் கொண்ட கிறித்தவரும், பழைய வணிக மரபுடைய இசுலாமியரும் இவ்வூரின் மக்களே. எந்த ஒரு வடிவமும் இங்கு அனைவருக்கும் பொதுவானதாகத் தானாக அமைந்துவிடாது. பொதுமை என்பது உருவாக்கப்பட வேண்டிய ஒன்று.

காலமும் இதனோடு சேர்ந்தது. வடகிழக்குப் பருவமழையை ஒட்டி இறால் வரத்து மிகும் மாதங்களில் பள்ளியின் இரண்டாம் பருவம் நடக்கிறது. ஊரில் கூத்துக் காலம் தொடங்கும்போது பள்ளியில் தேர்வும் கோடை விடுமுறையும் வருகின்றன. பள்ளி நாட்காட்டியை அப்படியே ஏற்கும் திட்டத்தில், இரவில் வலைக்குச் செல்லும் பெற்றோர் பார்வையாளராகக்கூட எஞ்சமாட்டார்.

பள்ளியின் பங்கு

இவ்விடத்தில்தான் பள்ளியின் தேவை புலப்படுகிறது. பாட்டின் சீட்டுக் குலுக்கலில் ஒன்றாக அமர முடியாத குடும்பங்களின் பிள்ளைகள் வகுப்பறையில் ஒன்றாக அமர வாய்ப்புண்டு. சிறுமியருக்குக் கூத்தைத் திறந்துவிட்ட குருகுலத்தைப் போல, ஊர் தன் வழக்கத்தால் விலக்கியோரைப் பள்ளி களரிக்குள் அழைக்க முடியும். மறுதலையாக, பாடத்திட்டம் அறியாத நீரோட்டம், வலை, முகத்துவாரம் பற்றிய அறிவை ஊரே பள்ளிக்கு வழங்க முடியும். பள்ளியின் அறியாமையை ஊரும், ஊரின் விலக்கலைப் பள்ளியும் திருத்துவதே இத்தகைய கூட்டரங்கின் நியாயம். ஒன்று மற்றொன்றுக்கு மேடையலங்காரமாக அமைந்தால் அந்நியாயம் இல்லாமற் போகும்.

இதில் அரசுப் பள்ளி எதிர்கொள்ளும் நெருக்கடியையும் மறைக்க வேண்டியதில்லை. மணல்மேடிட்டு அடைபடும் முகத்துவாரமும், மீனவர் எதிர்த்துவரும் காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கமும் இவ்வூர்களின் அன்றாடப் பேச்சு. ஊரார் கதையைத் தேர்ந்தால் அவையும் களரிக்கு வரும். அப்போது தலைமையாசிரியர் தயங்குவதைக் கோழைத்தனம் எனக் கூறிவிடுவது எளிது. எதைப் பேசலாம் என்பதைப் பெற்றோரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் முன்கூட்டியே கூடிப் பேசிப் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளாத திட்டம், அச்சுமையை ஆசிரியர் ஒருவர் தோளில் ஏற்றிவிடுகிறது என்பதே சரியான கணிப்பு.

முடிவுரை

ஆராயப்பட்ட மூன்று முயற்சிகளும் ஒன்று செய்யாததை மற்றொன்று செய்துள்ளன. சீலாமுனை ஊருக்குக் காலம் அளித்தது. குருகுலம் விலக்கப்பட்டோருக்குப் பயிற்சி அளித்தது. ஊரூர் விழா நகரத்தை ஊருக்கு வரச் செய்தது. இவற்றுள் எதையும் அப்படியே பழவேற்காட்டுக்குப் பெயர்த்து நட இயலாது. ஆனால் அங்கு நிகழும் எந்தக் கூட்டரங்கையும் மதிப்பிடும்போது, கதையை மறுக்கும் உரிமை யாருக்கு இருந்தது, இருளர் சிறாரும் மீன் விற்கும் பெண்களும் முடிவெடுக்கும் அவையில் இருந்தனரா, திட்டத்தின் நிதி முடிந்தபின் களரி யார் கையில் எஞ்சியது என்னும் வினாக்களைத் தவிர்க்க முடியாது. இவற்றுக்கு விடையளிக்க ஒத்திகைக் காலத்துப் பதிவுகள் தேவை. நிகழ்வின் ஒளிப்படங்களை மட்டும் ஆவணமாகக் கொள்ளும் வழக்கத்திலிருந்து பங்கேற்பு அரங்கு குறித்த தமிழாய்வு விலக வேண்டியது இதனாலேயே.