கையுறைக்குள் ஒரு கிழவி: கிரின் கிகியின் நடிப்பு குறித்து

'நடிக்கவில்லை, வாழ்ந்திருக்கிறார்' - நம் திரைப்பட விமர்சனங்களில் இதைவிடச் சோம்பேறித்தனமான வாக்கியம் வேறில்லை. ஜப்பானிய நடிகை கிரின் கிகி பற்றிப் பேச்செடுத்தாலும் இதே கதைதான். 'நம்ம வீட்டுக் கெழவி மாதிரியே இருக்காங்கய்யா' என்றார் ஒரு நண்பர். கோரே-எடா ஹிரோகசுவின் படங்கள் வழியே அவரை அறிந்த நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவருடைய நடிப்பைப் பின்னோக்கி வாசித்தபோதுதான், இந்த 'இயல்பு' உழைப்பால் கட்டப்பட்ட ஒன்று என்பது உறைத்தது.

1943இல் பிறந்தவர். 1961இல் புங்ககுசா நாடகக் குழுவில் சேர்ந்து, யூகி சிஹோ என்ற பெயரில் நடிக்கத் தொடங்கினார். 1974இல் முகோதா குனிகோ எழுதிய 'தெராவுச்சி கன்தாரோ இக்கா' என்ற தொலைக்காட்சித் தொடர் வந்தது. தோக்கியோவில் ஒரு கல்தச்சர் குடும்பம். அதில் இவர் பாட்டி. அப்போது இவர் வயது 31. மகனாக நடித்த கோபயாஷி அசேய்க்கு 41! முடியை நரைக்க வைக்கலாம், முதுகை வளைக்கலாம். கைகளை என்ன செய்வது? அவை இளமையைக் காட்டிக்கொடுத்துவிடும். எனவே விரல்நுனி வெட்டிய கையுறை. அந்தப் பாட்டியோ பாடகர் சவாதா கென்ஜியின் படத்தின் முன் உடலை நெளித்து அலறுவாள். ஆசை அற்றவளாகவே குடும்பக்கதை கட்டமைத்துவந்த கிழவியின் உடலுக்குள், முப்பது வயதுக்காரி ஒருத்தி ஆசையை மீண்டும் வைத்துத் தைத்துவிட்டாள். முதுமை என்பது வயதல்ல, ஒதுக்கப்பட்ட வேடம் என்று இதைவிடப் பச்சையாகச் சொல்ல முடியுமா?

1977இல் தொலைக்காட்சி ஏல நிகழ்ச்சி ஒன்றில், விற்க வேறு பொருள் இல்லையென்று தன் பெயரையே விற்றார். யூகி சிஹோ போய் கிரின் கிகி வந்தார். நட்சத்திரத்தின் பெயரே சரக்கு என்று நாம் பக்கம்பக்கமாக எழுதுகிறோம். அவர் அதைக் கூறுபோட்டு விற்றே காட்டினார்.

கோரே-எடாவின் 'அருய்தெமோ அருய்தெமோ' (2008) படத்தில் அவர் தாய். ஒரு சிறுவனைக் காப்பாற்றப் போய் மூத்த மகன் நீரில் மூழ்கி இறந்திருக்கிறான். பிழைத்தவனை ஒவ்வொரு நினைவுநாளுக்கும் வீட்டுக்கு அழைக்கிறாள். பாவம், இனி விட்டுவிடலாமே என்று இளைய மகன் கேட்க, அவன் வதைபடத்தான் அழைக்கிறேன் என்கிறாள். குரல் உயர்வதில்லை. கைகள் பின்னல் வேலையை நிறுத்துவதுமில்லை. தாய்மை என்ற புனிதப் பிரதி அந்தப் பின்னலூசியில் குத்துப்பட்டுச் சாகிறது.

கவாசே நவோமியின் 'அன்' (2015) படத்தில் கைகளே கதை. தின்பண்டக் கடை ஒன்றுக்கு வேலை கேட்டு வரும் தொக்குயே, பயறு விழுது கிண்டுவதில் கைதேர்ந்தவள். ஆனால் விரல்கள் மடங்கியவை. சிறுமியாக இருந்தபோதே தொழுநோய்க் காப்பகத்தில் அடைக்கப்பட்டவள். நோயாளிகளைப் பிரித்து அடைத்த சட்டத்தை ஜப்பான் 1996இல்தான் நீக்கியது. சட்டம் போனாலும் பேச்சு போகவில்லை. வதந்தி பரவியதும் வாடிக்கையாளர் வருவது நின்றுவிடுகிறது. 1974இல் இளமையை மறைக்கக் கையுறை. இங்கே மறைக்கச் சொல்லி ஊர் நிர்ப்பந்திக்கும் கைகளைக் காமிராவின் முன் நீட்டிவைக்கிறார். இந்த மடங்கிய விரல்களும் ஒப்பனைதான் என்பதை மறந்துவிட வேண்டாம்.

உடலெங்கும் புற்றுநோய் பரவியிருப்பதை 2013இல் விருது மேடையிலேயே அறிவித்தவர் அவர். 'மான்பிகி கசோகு' (2018) படத்துக்காகப் பல்செட்டைக் கழற்றிவிட்டு நடித்தார். அந்த ஆண்டு செப்டம்பரில் மறைந்தார். 'கடைசியில் உண்மை முகத்தையே காட்டிவிட்டார்' என்று உருகுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கையுறையை மாட்டியது ஒப்பனை என்றால், பல்லைக் கழற்றியதும் ஒப்பனையே. அந்தப் படத்தின் கிழவி, செத்துப்போன முன்னாள் கணவனின் குடும்பத்திடம் நைச்சியமாகப் பணம் கறப்பவள், கள்ளி. அவளைச் சாகப்போகும் நடிகையின் சொந்தத் துயரமாக வாசித்தால், கள்ளத்தனமும் போய்விடும், நடிகையின் மூளையும் போய்விடும்.

'வாழ்ந்திருக்கிறார்' என்று சொல்லும்போது நாம் பறிப்பது அதைத்தான்: ஒரு பெண்ணின் நாற்பது ஆண்டு வேலையை இயற்கையின் கணக்கில் எழுதிவிடுகிறோம். அடுப்படியில் நடப்பதும் இதுதானே. அம்மா சமைப்பதை வேலை என்றா சொல்கிறோம்?