ஓடாத கருவியின் சராசரி

டெல்லி ஆனந்த் விகார் நிலையத்தின் பி.எம். 2.5 நுண்துகள் அளவுகளை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமிருந்து எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். நாளுக்கொரு வரிசை, மணிக்கொரு கட்டம் என்று அடுக்கினால் ஆண்டுக்கு 8,760 கட்டங்கள். கருவி ஓடாத மணிகளில் எண் இருக்காது. 24 மணியில் 16 மணிக்காவது அளவு இருந்தால்தான் அந்த நாளுக்குக் காற்றுத் தரக் குறியீடு என்பது வாரியத்தின் விதி. எக்செலின் ஆவரேஜுக்கு அந்த விதி தெரியாது. மூன்று மணிக்கான அளவுதான் இருக்கிறதா, அதற்கும் ஒரு சராசரியைக் கொடுத்துவிடும். எண் அல்லாததைச் சத்தமில்லாமல் தாண்டிப் போகும்.

கென்னத் ஐவர்சன் 1962இல் நூலாக வெளியிட்ட குறியீட்டிலிருந்து பிறந்த கணினி மொழியான ஏ.பி.எல். அப்படியல்ல, எழுத்து கலந்திருந்தால் கூட்டவே மறுக்கும். மறுப்பதே நல்லது. அளவுகளின் அட்டவணை அ. விடுபட்ட கட்டங்களில் 0 இட்டாயிற்று. எண் இருந்த இடத்தில் 1, இல்லாத இடத்தில் 0 என அதே வடிவில் இன்னோர் அட்டவணை ம. +/ம என்றால் ஒவ்வொரு நாளும் எத்தனை மணி தேறியது என்று 365 விடைகள் ஒரே வீச்சில் வரும். 16≤+/ம என்றால் தேறிய நாள்கள் 1, மற்றவை 0. இதற்கு ந என்று பெயர். சூத்திரத்தைக் கீழே இழுத்துவிடும் வேலையில்லை. நடுவில் ஒரு வரிசையில் மட்டும் யாராவது கை வைத்திருப்பார்களோ என்ற சந்தேகமும் இல்லை.

ஒரே நாளின் பட்டியலுக்கு +/ம/அ என்று எழுதலாம். முதல் சாய்கோடு கூட்டுகிறது, இரண்டாவது பொறுக்குகிறது. புதியவர்கள் பலர் இங்கேயே திரும்பிவிடுவார்கள். ஆனாலும் பழகினால் தீரும் குறைதான் இது.

பழகினாலும் தீராதது வேறு. நாள் சராசரி (+/ம×அ)÷+/ம. நாள் முழுக்கக் கருவி படுத்திருந்தால் இது 0÷0. எக்செல் இதைப் பிழை என்று காட்டும். ஐவர்சனின் பிற்கால மொழியான ஜே 0 என்று சொல்லும். ஏ.பி.எல்.லின் ஒரு வடிவமான டயலாக், அமைப்பை மாற்றாதவரை, 1 என்று சொல்லும்! பி.எம். 2.5க்கு இந்தியாவின் 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். டெல்லியில் ஒரு மைக்ரோகிராம் காற்று! சராசரிகளை ச என்று கொண்டு +/60≥ச என நல்ல நாள்களை எண்ணினால், ஒரு வாரம் பழுதான நிலையத்துக்கு ஏழு நல்ல நாள்கள் கூடிவிடும். +/ந∧60≥ச என்றால் கூடாது. வித்தியாசம் இரண்டே குறிகள். வரியைப் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் அவை விடுபட்டது தெரியும். கோப்பைச் சரிபார்க்கும் அதிகாரிக்குப் பெரும்பாலும் எக்செல் மட்டுமே தெரியும். ஆண்டுக் கணக்குக்கு நான் ஏ.பி.எல்.லையே எடுப்பேன். ஆனால் விடையோடு ந பட்டியலும் எக்செலில் போயாக வேண்டும்.