போல்க்கேயின் சாவு: இரண்டு சாட்சிகள், ஒரு விதி

முதல் உலகப் போர் விமானிகளைப் பற்றி எங்கே தேடினாலும் முதலில் வந்து நிற்பவர் மான்ஃப்ரெட் ஃபொன் ரிக்தோஃபன்தான். சிவப்பு விமானம், 80 வெற்றிகள், அப்புறம் சினிமாக்கள். அவர் தொழில் கற்றுக்கொண்ட இடம் 'யாஸ்டா 2' என்ற அணி. ஜெர்மனியின் முதல் போர்விமான அணிகளில் ஒன்று. யாஸ்டா என்றால் 'வேட்டை அணி' என்பதன் சுருக்கம். இந்த அணியின் கதையையும் பெரும்பாலும் ரிக்தோஃபனின் முன்கதையாகத்தான் எழுதுகிறார்கள். இதில் எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்று சொல்ல ஒரே ஒரு நாளை எடுத்துக்கொள்கிறேன்: 1916 அக்டோபர் 28.

அதற்கு முன் கொஞ்சம் பின்னணி. 1916 ஜூன் 18 அன்று மேக்ஸ் இம்மெல்மான் இறந்துபோனார். இன்னொரு நாயகனையும் இழக்க விரும்பாத கைசர், ஓஸ்வால்ட் போல்க்கே பறக்கத் தடை போட்டு, பால்கன், துருக்கி பக்கம் சுற்றுப்பயணம் அனுப்பிவிட்டார். அதற்குள் சோம் போர்முனையில் வானம் பிரிட்டிஷ், பிரெஞ்சுக்காரர்கள் கையில் போய்விட்டது. உடனே போல்க்கேயைத் திரும்ப அழைத்து, ஆட்களை நீயே தேர்ந்தெடுத்துக்கொள் என்று ஒரு புது அணியைக் கொடுத்தார்கள். திரும்பும் வழியில், இன்று உக்ரைனில் இருக்கும் கோவெல் நகரில், அவர் தேர்ந்தெடுத்தவர்களில் இருவர் நமக்கு முக்கியம். ஒருவர் 24 வயது ரிக்தோஃபன். இன்னொருவர் எர்வின் போமே, வயது 37. போருக்கு முன் கிழக்கு ஆப்பிரிக்காவில் வேலை பார்த்த பொறியாளர். போல்க்கேக்கு அப்போது வயது 25தான்!

செப்டம்பர் 16 அன்று புது அல்பட்ராஸ் விமானங்கள் வந்தன. மறுநாளே ரிக்தோஃபனுக்கு முதல் வெற்றி. கணக்கில் அது '1'. ஆனால் சுட்டு வீழ்த்தப்பட்ட எஃப்.இ.2பி இரண்டு பேர் அமரும் விமானம். லயனல் மோரிஸ், டாம் ரீஸ் இருவருமே இறந்தார்கள். வெற்றிக் கணக்கு விமானங்களை எண்ணுகிறது, மனிதர்களை இல்லை. இந்த அணிக்கு மொத்தம் 336 வெற்றிகள் என்று எல்லா இடத்திலும் சொல்லும்போது இதை ஞாபகம் வச்சுக்கணும்.

போல்க்கேயின் உண்மையான பங்களிப்பு அவருடைய 40 வெற்றிகள் அல்ல. 'டிக்டா போல்க்கே' எனப்படும் எட்டு விதிகள். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள், நெருங்கிய பிறகு மட்டும் சுடு, எதிரிப் பகுதிக்குள் போனால் திரும்பும் வழியை மறக்காதே, இப்படிப் போகும். கடைசி விதி அணிக்கானது: நான்கு, ஆறு பேராகச் சேர்ந்து தாக்குங்கள், சண்டை தனித்தனியாகப் பிரிந்துவிட்டால், பல பேர் ஒரே எதிரியைத் துரத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அக்டோபர் 28. அன்று மாலை பிரிட்டனின் 24ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்த டி.எச்.2 விமானங்களோடு நடந்த சண்டையில், போமேயின் விமானம் போல்க்கேயின் விமானத்தை உரசியது. மேலிறக்கை சிதைந்து போல்க்கே கீழே விழுந்து இறந்தார். இதற்கு நேரடி சாட்சிகளாக நமக்குக் கிடைக்கும் முக்கியமான இருவர் ரிக்தோஃபனும் போமேயும்.

ரிக்தோஃபன் இதை 1917இல் உல்ஸ்டைன் வெளியிட்ட தன் புத்தகத்தில் எழுதுகிறார். போல்க்கே ஒரு ஆங்கிலேயரைத் தாக்கினார், நான் இன்னொருவரை. நம்மவர் ஒருவர் குறுக்கே வந்ததால் நான் விட்டுவிட்டேன். போல்க்கேயின் அருகில் அவருடைய நல்ல நண்பர் ஒருவர் பறந்துகொண்டிருந்தார். திடீரென்று இரண்டு விமானங்களிலும் இயல்பில்லாத ஓர் அசைவு. அவர் தருவது இவ்வளவுதான். அந்த நண்பருக்குப் பெயர் இல்லை.

போமே சில நாட்களிலேயே ஒரு கடிதத்தில் எழுதியது வேறு மாதிரி. லாக்னிகூர் தளத்தில் போல்க்கேயும் அவரும் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தபோது அழைப்பு வந்தது. மேலே போய் இருவரும் ஒரு ஆங்கிலேயரை நடுவில் மாட்டவைத்திருந்த நேரத்தில், *ரிக்தோஃபன் துரத்திவந்த* இன்னொரு ஆங்கில விமானம் குறுக்கே பாய்ந்தது. இருவரும் விலகினார்கள். ஒரு கணம் சொந்த இறக்கையே பார்வையை மறைத்ததால் ஒருவரை ஒருவர் பார்க்க முடியவில்லை. உரசியது லேசாகத்தான், ஆனால் அந்த வேகத்தில் அதுவே போதும்.

வித்தியாசம் தெரிகிறதா? ரிக்தோஃபனின் பதிப்பில் அவர் வெறும் பார்வையாளர். போமேயின் பதிப்பில் அவர் துரத்தல்தான் சம்பவத்தின் தொடக்கம்.

யாரை நம்புவது? ரிக்தோஃபனின் புத்தகம் போர் நடக்கும்போதே மக்களுக்காக எழுதப்பட்ட பிரச்சார நூல். அதன் வேகமும், வேட்டை மகிழ்ச்சியை மறைக்காத வெளிப்படையும் இன்றும் படிக்க வைக்கும். போமேயின் பெயரை விட்டது உயிரோடு இருக்கும் தோழனுக்குக் காட்டிய கருணையாகவும் இருக்கலாம். ஆனால் பெயரோடு சேர்ந்து காரணமும் காணாமல்போனது. கடைசியில் விபத்து வெறும் விதி ஆகிவிடுகிறது. போமேயின் கடிதம் தனிப்பட்டது, சம்பவத்துக்கு மிக அருகில் எழுதப்பட்டது. ஆனால் மோதியவர் அவர்தான், எனவே தன்னை விளக்கிக்கொள்ளும் தேவை அவருக்கு உண்டு. தவிர அக்கடிதங்கள் புத்தகமானது 1930இல், யோஹான்னஸ் வெர்னரின் தொகுப்பாக. இரண்டையும் அப்படியே விழுங்க முடியாது.

மென்பொருள் துறையில் சிஸ்டம் விழுந்தால் போஸ்ட்மார்ட்டம் எழுதுவோம். இரண்டு பேரின் அறிக்கை முரண்பட்டால், யார் பொய் சொல்றாங்கன்னு தேடுவதைவிட, இரண்டிலும் ஒத்துப்போவது எதுன்னு பார்ப்பதுதான் பயன். இங்கே ஒத்துப்போவது இது: இரண்டு ஜெர்மன் விமானங்கள் ஒரே ஆங்கில விமானத்தின் மேல் நெருங்கிப் பறந்தன. அதாவது எட்டாவது விதி எதைத் தவிர்க்கச் சொன்னதோ, அதே நிலை. அதை எழுதியவரே அதில் இருந்தார்.

இதை போல்க்கேயைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. விதி சரியானது என்பதற்கு இதைவிடக் கொடூரமான நிரூபணம் வேண்டியதில்லை. குறுகிய வானத்தில், நொடிக் கணக்கில், அதை எழுதிய கைக்கே அதைக் கடைப்பிடிக்க முடியவில்லை என்பதுதான் சங்கதி. நாயகர் கதையாக எழுதும்போது முதலில் தொலைந்துபோவது இதுதான். 'யாராலும் வீழ்த்த முடியாதவரை விதி வீழ்த்தியது' என்று முடித்துவிட்டால் யாரும் எதையும் கற்க வேண்டியதில்லை.

அன்று போமே அருகில் இறங்கப் பார்த்தார். குண்டுக்குழிகள் நிறைந்த நிலத்தில் முடியவில்லை. தளத்துக்குத் திரும்பி இறங்கும்போது தன் விமானம் கவிழ்ந்ததையே மறுநாள்தான் தெரிந்துகொண்டதாக எழுதுகிறார். டிசம்பரில் அணிக்கு 'யாஸ்டா போல்க்கே' என்று பெயர் சூட்டினார்கள். 1917 ஆகஸ்டில் அதே அணிக்குத் தலைவராக வந்தவர் போமே. நவம்பர் 29 அன்று அவரும் சுட்டு வீழ்த்தப்பட்டார். தன்னால் இறந்தவரின் பெயரைத் தாங்கிய அணியை மூன்று மாதத்துக்கு மேல் வழிநடத்திய மனிதர் அவர்.

யாஸ்டா 2 பற்றிப் படிக்க ஆரம்பிப்பவர்களுக்கு என் பரிந்துரை: ரிக்தோஃபனின் அந்தப் பக்கங்களைத் தனியாகப் படிக்காதீங்க. பக்கத்திலேயே போமேயின் கடிதத்தையும், அதற்குப் பக்கத்தில் எட்டாவது விதியையும் வச்சுப் படிங்க.