ஆங்கிலக் குன்றில் ஒரு முகலாய மாடம்

கட்டிடக் கலையை மதிப்பிடுவோர் முகப்பை மட்டும் கண்டு தீர்ப்புக் கூறுவதில்லை. முகமும் அகமும் ஒரே மொழி பேசுகின்றனவா என்றே முதலில் வினவுவர். இந்த வினாவை இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரிலுள்ள சீசின்கோட் மாளிகையின்முன் வைக்க விழைகிறோம்.

காட்ஸ்வோல்ட் குன்றுகளின் சரிவில், பொன்மஞ்சள் நிறக் கல்லால் எழுந்த நாட்டுப்புற மாளிகை அது. நடுவே செம்புத் தகடு போர்த்திய குவிமாடம். கூரையின் மூலைகளில் சிறு மாடங்கள். சுவரைச் சுற்றிலும் அகன்று நீண்ட கல் இறவாரம். சாளரங்களின்மேல் மயில் தோகை விரித்தாற்போன்ற வளைவுகள். காண்போர் நிற்பது ஆக்ராவிலோ என ஒரு கணம் மயங்குவர்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் கர்னலாயிருந்த ஜான் காக்கரெல், வங்காளத்திலிருந்து திரும்பி 1795இல் இந்நிலத்தை வாங்கினார். 1798இல் அவர் மறைந்தபின், கம்பெனிப் பணியில் பொருளீட்டிய தம்பி சார்லஸ் இதற்கு உரியவரானார். மற்றொரு சகோதரரும் கட்டிடக் கலைஞருமான சாமுவேல் பீப்ஸ் காக்கரெல் 1805ஐ ஒட்டி மாளிகையை எழுப்பினார். இந்திய மண்ணை மிதித்தறியாத அவருக்கு, இந்தியாவெங்கும் சுற்றி ஓவியம் தீட்டிய தாமஸ் டேனியலின் அறிவு துணை நின்றது.

அந்தத் துணையின் பயனை மறுப்பதற்கில்லை. இறவாரத்தின் வீச்சிலும் வளைவுகளின் நெளிவிலும் உண்மையான கல்வி தெரிகிறது. கேலிக்காகக் கட்டியவர் இத்துணை உழைத்திருக்கமாட்டார்.

ஆயினும் உள்ளே அடியெடுத்து வைத்ததும் இந்தியா மறைந்துவிடுகிறது. அறைகளின் அமைப்பும் அணியும் அக்கால ஆங்கிலேயர் போற்றிய கிரேக்க, உரோமானிய மரபின. வெயிலையும் பெருமழையையும் தடுக்கப் பிறந்தது இறவாரம்; வெயிலுக்கு ஏங்கும் நாட்டில் அதற்கு என்ன வேலை? முகலாயர் இத்தகைய பருத்த குவிமாடத்தைப் பெரும்பாலும் பள்ளிவாசலுக்கும் அடக்கத்தலத்துக்குமே சூட்டினர். வாழும் மாளிகைகளுக்குத் தட்டைக் கூரையும் சிறு மாடங்களுமே அவர்களுக்குப் போதுமாயிருந்தன. தொழுகைக்கும் துயிலுக்கும் உரிய முடி இங்கே விருந்து மாளிகையின் தலையில் அமர்ந்திருக்கிறது. தோட்டத்திலோ சூரியனுக்கு ஒரு கோயில், பாலத்தின்மீது நந்திகள். கட்டியவருக்கு எல்லாமே ‘இந்தியா’தான், எது எவருடையது, எதற்குரியது என்னும் வேறுபாடு அவருக்குத் தேவைப்படவில்லை.

1807இல் இளவரசர் ஜார்ஜ் இம்மாளிகையைக் கண்டு வியந்தார். பின்னர் 1815இல் ஜான் நாஷ் அவருக்காகப் பிரைட்டன் அரண்மனையை மாற்றியமைக்கத் தொடங்கியபோது, குவிமாடங்கள் அங்கும் முளைத்தன. அங்கே கல்வி குறைந்து களியாட்டம் மிகுந்தது.

நாம் மறக்கலாகாத ஆண்டு ஒன்று உண்டு. 1803இல் கம்பெனிப் படை தில்லியைக் கைப்பற்றியது. கண்ணிழந்த முதியவரான மாமன்னர் ஷா ஆலம், தம் முன்னோர் கட்டிய கோட்டைக்குள்ளேயே கம்பெனியின் உதவித்தொகையில் வாழ்பவரானார். அதையடுத்த சில ஆண்டுகளில்தான் முகலாய மாடம் ஆங்கிலக் குன்றில் ஏறியது. ஆட்சி சாய்ந்த பிறகே அதன் அழகு வெற்றியாளரின் இல்லத்துக்கு அணியாயிற்று.

சீசின்கோட் அழகிய மாளிகை, அதில் ஐயமில்லை. அந்த அழகை நாம் மனமாரப் பாராட்டுவோம். அதன் விலையைக் கொடுத்தவர் யார் என்பதையும் உடன் நினைவிற்கொள்வோம்.